சிங்கிள் ஓனர், மாற்று இன்ஜின்: ஒரு 1970 ஷெவெல் வாங்கிய நிகழ்வு ஆய்வு

‘சிங்கிள் ஓனர் வண்டி சார், கை மாறவே இல்லை’ என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் பாதி பேரம் முடிந்த மாதிரிதான். அமெரிக்காவில் பழைய மசில் கார் தேடுகிறவர்களுக்கும் அந்தச் சொல்மேல் அதே மயக்கம் உண்டு. இங்கே சொல்லப்போகும் வண்டியின் முதல் உரிமையாளர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் வண்டியைப் பற்றி அவர் அடித்துச் சொன்ன ஒரு விஷயம் தவறாக இருந்தது. அது தெரியவந்தபோது என்ன செய்தோம், பிறகு என்ன ஆயிற்று என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். ஆட்களின் பெயர் எங்கும் இல்லை.

பின்னணி

வாங்கியவர் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கும் தமிழர், பிரேக் வடிவமைக்கும் பொறியாளர், 46 வயது. விற்றவர் அதே மாநிலத்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்த ஓய்வுபெற்ற டை மேக்கர் (தொழிற்சாலை அச்சுகளைத் துல்லியமாகச் செய்பவர்). விற்கும்போது வயது 77. நான் வாங்கியவரின் நண்பன். பழைய ஷெவர்லே இரண்டைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன் என்பதால் வண்டி பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வண்டி, 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) 396. நடுத்தர அளவு உடம்பில் பெரிய இன்ஜினைப் பூட்டி, இளைஞர் கைக்கு எட்டும் விலையில் விற்பதுதான் மசில் கார் வியாபாரம். 1964-இல் பான்டியாக் ஜி.டி.ஓ. வந்ததிலிருந்து அது சூடுபிடித்தது. நடுத்தர வண்டியில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டை 1970 மாடலுக்குத் தளர்த்தியது. 454 கன அங்குலம், 450 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.6 ஷெவெல் அந்த ஆண்டில் வந்ததுதான். தொலைக்காட்சி ஏலங்களில் ஆறு இலக்க டாலருக்குப் போவது அந்த வகை. நாங்கள் பார்த்தது அதற்குக் கீழ்ப்படி: 350 குதிரைத்திறன், நான்கு கியர். பெயர்ப்பட்டையில் 396 என்று இருந்தாலும் அந்த ஆண்டு இன்ஜினின் உண்மையான அளவு 402 கன அங்குலம், அதாவது சுமார் 6.6 லிட்டர். பெயர் விலைபோகிறது என்பதால் பழைய எண்ணையே வைத்துக்கொண்டார்கள்.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. 1968 வரை எஸ்.எஸ். 396-க்குத் தனி வண்டி எண் வரிசை இருந்தது. 1969 முதல் எஸ்.எஸ். என்பது மாலிபு போன்ற சாதாரண வண்டியில் கேட்டு வாங்கும் கூடுதல் தொகுப்பாகிவிட்டது. எனவே 1970-இன் எண் 13637 என்று தொடங்கினால் வண்டி எட்டு சிலிண்டர் மாலிபு கூபே என்று மட்டுமே தெரியும், எஸ்.எஸ்.-ஆ இல்லையா என்று தெரியாது. பான்டியாக்குக்கும், 1967 முதலான ஃபோர்டுக்கும் தொழிற்சாலைப் பதிவேட்டின் நகலைப் பணம் கட்டி வாங்கலாம். அமெரிக்காவில் தயாரான ஷெவர்லேக்கு அந்த வசதி கிடையாது. பட்டை, கறுப்பு கிரில், பானெட் எல்லாம் கடையில் கிடைப்பதால் போலி எஸ்.எஸ். நிறைய ஓடுகிறது. முதல் உரிமையாளருக்கு இவ்வளவு மவுசு வந்த காரணம் இதுதான்: காகிதம் அவரிடம்தான் இருக்கும்.

கண்டுபிடித்த விதம்

ஆகஸ்ட் 2022. டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூவில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை பழைய வண்டிகள் ஊர்வலம் போகும், 1995-இல் தொடங்கியது. ராயல் ஓக் பக்கம் நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் நண்பர் நின்றிருந்த ஒரு சிவப்பு ஷெவெலைக் காட்டி மகனிடம் ‘இது எஸ்.எஸ்.’ என்று சொல்ல, பெரியவர் திரும்பி, ‘பின் அச்சு மூடியில் போல்ட் எண்ணிப் பாருங்கள்’ என்றார். பத்து இருந்தது. எஸ்.எஸ்.-இல் பன்னிரண்டு இருக்க வேண்டும். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. ‘என்னிடம் ஒன்று இருக்கிறது. 1970 ஏப்ரலில் புதிதாக வாங்கினேன். விற்பதற்கில்லை’ என்றார்.

நண்பர் விலை கேட்கவில்லை. தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த ஒன்றரை ஆண்டில் இரண்டு முறை போய்ப் பேசிவிட்டு வந்தார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். வண்டியைக் காட்டச் சொல்லி ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது, மறைக்கவில்லை. மார்ச் 2024-இல் பெரியவரே அழைத்தார்: வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார், வந்து பார்க்கலாம்.

கொட்டகையில் கண்டது

வண்டி 1991 முதல் ஓடவில்லை. மரக் கொட்டகையில், மரக்கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. நிறம் அடர் நீலம். ஃபையர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்பில்) இருந்த தகட்டில் பெயின்ட் எண் 28, அதாவது ஃபேதம் ப்ளூ. மீட்டரில் 61,400-சொச்சம் மைல்.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவு, முன் ஃபெண்டரின் கீழ்மூலை என்று நகர்த்தினோம். வலது பின்வளைவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் பிடிக்கவில்லை; அங்கே பட்டி போட்டிருந்தார்கள். ‘1977, மளிகைக் கடை வண்டி நிறுத்தும் இடத்தில் இடித்தார்கள்’ என்று கேட்பதற்கு முன்பே சொன்னார். முதல் நான்கு குளிர்காலம் உப்பு போட்ட சாலையில் வண்டி ஓடியிருக்கிறது. வாங்கியவுடனே துருத் தடுப்புப் பூச்சு அடித்ததற்கு அடையாளமாகக் கதவு இடுக்குகளில் வட்டமான பிளாஸ்டிக் மூடிகள் இருந்தன. டிக்கித் தளத்தில் மேலோட்டமான துரு மட்டும். சேசிஸைப் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் டார்ச் அடித்துப் பார்த்தோம், ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினோம், உறுதியாகவே கேட்டது. பெட்ரோல் டேங்க்குக்கு மேலே போகும் பகுதியைப் பார்க்க முடியவில்லை. பரவாயில்லை என்று விட்டோம். இதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆண்டுக்கொரு முறை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிடுவாராம். எங்கள் முன்னாலும் சுற்றிக் காட்டினார். வழுவழுப்பாகச் சுற்றியது. 33 ஆண்டு நின்ற வண்டியில் இது பெரிய விஷயம்.

பிறகு சமையலறை மேசைக்குக் கூட்டிப்போய் ஒரு பழுப்பு உறையைப் பிரித்தார். விற்பனை ரசீது இருந்தது. கண்ணாடியில் ஒட்டி வந்த விலைச் சீட்டு இருந்தது. அதில் இசட்25 என்ற எஸ்.எஸ். தொகுப்பு தெளிவாக அச்சாகியிருந்தது. உத்தரவாதப் புத்தகத்தில் செருகிய சிறு அலுமினியத் தகடும் இருந்தது. டீலரிடம் சர்வீஸுக்குப் போனால் ரசீதில் பதிப்பதற்காகத் தந்த தகடு அது. வண்டி எண், இன்ஜின் குறி, கியர்பெட்டி குறி, அச்சுக் குறி எல்லாம் மேலெழுந்த எழுத்தில் இருக்கும். எஸ்.எஸ்.-ஆ என்ற கேள்வி அங்கேயே தீர்ந்தது. ‘இன்ஜினை ஒருவனும் தொட்டதில்லை. இந்த வண்டியை விட்டு அது வெளியே வந்ததே இல்லை’ என்றார்.

முத்திரை

இரண்டாம் முறை போனபோது இன்ஜின் முத்திரையைப் பார்க்க அனுமதி கேட்டோம். ஷெவர்லே வி8-இல் அது பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இன்ஜினின் அடிப்படை வார்ப்பான பிளாக்கின் சிறிய தட்டைப் பரப்பில் இருக்கும். இந்த மாடலில் ஆல்டர்நேட்டர் அதே பக்கம் உட்கார்ந்திருப்பதால் நேரே பார்க்க முடியாது. பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்து, துணியாலேயே துடைத்தோம். கம்பி பிரஷோ உப்புத்தாளோ படக் கூடாது: அந்தப் பரப்பில் தொழிற்சாலை வெட்டுக்கருவி விட்ட மெல்லிய இணைகோடுகள் இருக்கும்; தேய்த்துவிட்டுப் புதிதாக எண் அடித்திருக்கிறார்களா என்று காட்டிக்கொடுப்பவை அவைதான்.

கைப்பேசியை இடுக்கில் நுழைத்துப் படம் எடுத்தோம். கோடுகள் அப்படியே இருந்தன, யாரும் தேய்க்கவில்லை. ஆனால் அங்கே இருக்க வேண்டியது டி-யில் தொடங்கும் குறி (டோனவாண்டா இன்ஜின் தொழிற்சாலைக்கு), தேதி, பக்கத்தில் வண்டி எண்ணின் பகுதி. இருந்தது ‘சிஇ1’, அதன் பின் ஐந்து இலக்கம். உத்தரவாதக் காலத்தில் ஷெவர்லே மாற்றிக் கொடுத்த பிளாக்கின் குறி அது. 1 என்றால் 1971. அலுமினியத் தகட்டில் இருந்த குறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதாவது, இந்த இன்ஜின் வண்டியோடு பிறந்ததில்லை. கள்ளவேலை எதுவும் நடக்கவில்லை, கம்பெனியே கொடுத்ததுதான். ஆனாலும் சேகரிப்பாளர் சந்தையில் ‘எண்கள் பொருந்தும் வண்டி’ என்று இதைச் சொல்ல முடியாது. அந்த ஒரு சொல்லுக்குப் பல ஆயிரம் டாலர்.

சொல்வதா, எப்போது சொல்வது

அன்று அங்கேயே சொல்லவில்லை. காரில் திரும்பும்போது மூன்று வழிகளைப் பேசினோம். ஒன்று, பேரம் வரும் நாள்வரை வைத்திருந்து விலையைக் குறைக்கும் ஆயுதமாகப் பயன்படுத்துவது. இரண்டு, சொல்லாமலே வாங்கிவிடுவது. நண்பருக்கு எண் முக்கியமில்லை, ஓட்டத்தான் வாங்குகிறார். மூன்று, முதலிலேயே சொல்லிவிடுவது.

இரண்டாவதை அவர் உடனே தள்ளினார். அப்படி வாங்கினால் கேட்ட விலையையே கொடுக்க வேண்டும், கொடுத்தால் தன் காசு போகும். குறைத்துக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். நான் முதல் வழியின் பக்கம் இருந்தேன். அவர் சொன்னது: ‘77 வயது ஆள், 54 வருஷமாக நம்பிக்கொண்டிருப்பது. பணத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னால் நாம் கதை கட்டுவதாகத்தான் நினைப்பார்.’ மறுநாளே தொலைபேசியில் சொல்லி, படத்தையும் அனுப்பினார்.

பெரியவருக்குக் கோபம் வந்தது. எங்கள் கண்ணில் கோளாறு என்றார். வேறு வண்டியின் படமா என்று கேட்டார். பிறகு பேச்சு நின்றது. மூன்று வாரம் அழைப்பே இல்லை. நண்பரும் அழைக்கவில்லை. வண்டி கைவிட்டுப் போயிற்று என்றே நான் நினைத்தேன்.

சுருட்டுப் பெட்டி

வீடு காலிசெய்யும்போது அவருடைய மகள் பரணில் ஒரு சுருட்டுப் பெட்டியைக் கண்டெடுத்தார். பெரியவருடைய அப்பாவின் காகிதங்கள். அதில் ஒன்று டீலரின் பழுதுச் சீட்டு: அக்டோபர் 1971, 14,212 மைல், ‘அடியில் தட்டும் சத்தம்’, பிளாக் மாற்றம், கட்டணம் உத்தரவாதக் கணக்கில். கீழே அப்பாவின் கையெழுத்து.

பெரியவர் 1971 தொடக்கத்தில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, ஜெர்மனியில் ஒன்றரை ஆண்டு இருந்திருக்கிறார். வண்டியை அப்பா பொறுப்பில் விட்டுப்போனார். திரும்பி வந்தபோது வண்டி நன்றாகத்தான் ஓடியது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை; 1994-இல் இறக்கும்வரை சொல்லவில்லை.

இந்தச் சீட்டு எங்களுக்குப் பெரிய சான்று. ‘எப்போதோ, எங்கோ, யாரோ மாற்றியது’ என்ற நிலை மாறி, எந்த நாளில், எத்தனை மைலில், எந்தக் காரணத்துக்கு என்று எழுத்தில் கிடைத்தது. ஹெட்டுகள் பழையவைதான் என்று பின்னர் உறுதியானது: வால்வு மூடியைக் கழற்றியபோது அவற்றின் வார்ப்புத் தேதி ஜனவரி 1970.

விலை

ஏலங்களைப் பார்த்து பெரியவர் மனதில் 60,000 டாலர் இருந்தது. நண்பரின் உச்சவரம்பு 45,000. பழைய வண்டிகளுக்கான ஹாகர்ட்டி மதிப்பீட்டு வரிசையில் நிலை 1 முதல் 4 வரை உண்டு. நாங்கள் இதை 3-க்கும் 4-க்கும் நடுவே வைத்தோம். அதன்மேல் காகிதங்களுக்காகக் கூட்டினோம், பிளாக்குக்காகக் கழித்தோம், ஓடவைக்க ஆகும் செலவை இன்னொரு பத்தியில் எழுதினோம். அந்தத் தாளையே அவரிடம் கொடுத்தார் நண்பர். டை மேக்கர் அல்லவா, கணக்கை வரிவரியாகச் சரிபார்த்தார். பிரேக் செலவைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று தனக்கே பாதகமாகத் திருத்தினார். 42,000-இல் முடிந்தது.

அவர் இரண்டு நிபந்தனை கேட்டார். விற்பதானால் முதலில் தன் பேரனிடம் கேட்க வேண்டும். பெயின்ட் மாற்றக் கூடாது. முதலாவதை, 2034 வரை என்று வரம்பு போட்டு ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். இரண்டாவதற்கு நண்பர் வாக்குக் கொடுக்கவில்லை. ‘துரு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. வெட்டி ஒட்ட வேண்டி வந்தால் அடிக்கத்தான் வேண்டும்’ என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி என்றார்.

உரிமைச் சான்றில் ஓர் எழுத்து

நம் ஆர்.சி. புக் மாதிரி அங்கே உரிமைச் சான்று. வீடு மாறியபோது 1980-களில் அவருக்குப் புதிதாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டாஷ்போர்டு தகட்டில் ஏழாவது இடத்தில் ‘பி’, பால்டிமோர் தொழிற்சாலைக்கு. சான்றில் அந்த இடத்தில் ‘8’. யாரோ தட்டச்சில் தவறவிட்டது, நாற்பது ஆண்டாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து தகட்டைப் பார்த்து படிவத்தில் கையெழுத்திட்டு, திருத்திய சான்று வர ஐந்து வாரம். அதுவரை நண்பர் முன்பணம் மட்டும் கொடுத்திருந்தார். முழுத்தொகை சான்று கைக்கு வந்த பிறகுதான். மாநில வரி 6 சதவீதம், 2,520 டாலர்.

வண்டி வந்த பிறகு

ஜூன் 2024-இல் வின்ச் வைத்த லாரியில் ஏற்றிவந்தோம். பின் டிரம் இரண்டும் இறுகிப்போயிருந்தன. பிரேக் குழாய், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், டயர் எல்லாம் புதிது. பெட்ரோல் டேங்க்கில் இருந்தது வார்னிஷ் வாசத்தில் ஒரு பிசின்.

டேங்க்கைக் கீழே இறக்கிய அன்றுதான் அந்தப் பகுதி தெரிந்தது. இடப்பக்க சேசிஸ் சட்டம், பின் அச்சைத் தாண்டி மேலே வளைந்து இறங்குமிடத்தில், மேற்பரப்பு இற்றுப்போயிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. உள்ளேயிருந்து காய்ந்த மண்ணும் வெள்ளைப் பொடியுமாகக் கொட்டியது. நான்கு குளிர்காலத்து உப்பு மேலேயே தங்கி, ஐம்பது ஆண்டாகத் தின்றிருக்கிறது. கீழிருந்து தட்டியபோது சத்தம் உறுதியாகக் கேட்டதற்குக் காரணம், கீழ்ப்பரப்பு நன்றாக இருந்ததுதான். வெட்டி, புதுத் துண்டு பற்றவைக்க 5,200 டாலர் ஆயிற்று. பெரியவரிடம் இதைச் சொல்லிப் பணம் கேட்கலாமா என்று நான் கேட்டேன். ‘அவர் பார்க்கவிட்டார், நாம் பார்க்கவில்லை’ என்று நண்பர் முடித்துவிட்டார்.

இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டிரில்லில் பூட்டிய தண்டால் எண்ணெய் பம்பைச் சுற்றி, எல்லா ராக்கரிலும் எண்ணெய் ஏறியதைப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்பினோம். அந்தக் காலத்து கேம்ஷாஃப்ட்டுக்குத் துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் வேண்டும், அதையே ஊற்றினோம். செப்டம்பரில் ஓடியது. ஆறாவது சிலிண்டரில் அழுத்தம் கொஞ்சம் குறைவு. அப்படியே விட்டிருக்கிறார்.

மறுபடி செய்வதானால்

டேங்க்குக்கு மேல் கேமரா விடாமல் விலை பேசமாட்டோம். நுனியில் விளக்குள்ள குழாய்க் கேமரா என் கருவிப்பெட்டியிலேயே இருந்தது, எடுத்துப்போகவில்லை. இது என் தவறு. உரிமைச் சான்றின் எண்ணையும் தகட்டு எண்ணையும் முதல் நாளே எழுத்தெழுத்தாக ஒப்பிட்டிருந்தால் அந்த ஐந்து வாரமும் மிச்சம். முத்திரை விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னதை நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம் என்று நண்பர் இப்போது சொல்கிறார். ‘படத்தை வெறும் செய்தியாக அனுப்பியது தப்பு.’ அவசரப்படாத அந்த ஒன்றரை ஆண்டைப் பற்றி என் எண்ணம் மாறிவிட்டது. இடையில் இரண்டு வியாபாரிகள் பெரியவரிடம் ரொக்கத்தோடு வந்து போனார்கள் என்று மகள் பின்னர் சொன்னார்.

ஆகஸ்ட் 2025

மிச்சிகனில் ஹிஸ்டாரிக் பலகை போட்ட வண்டியை விழா, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு, எதற்கும் ஓட்டலாம். அந்த மாதம் பெரியவரை ஏற்றிக்கொண்டு உட்வர்டில் போனோம். ஓட்டுகிறீர்களா என்றதற்கு முழங்கால் ஒத்துழைக்காது என்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கையுறைப் பெட்டியைத் திறந்து அலுமினியத் தகட்டையும் பழுதுச் சீட்டின் நகலையும் எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, ‘இதை வாங்கினதுக்கு அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘அக்டோபர் 71. வீட்டிலிருந்து அவர் வேலைக்கு மூன்று மைல்தான். 14,000 மைல் எப்படி வந்தது?’ என்று கேட்டார். பெரியவர் ராணுவத்துக்குப் போனபோது மீட்டரில் 9,000-கூட ஆகவில்லையாம்.

உட்வர்டில் அந்தக் காலத்தில் இரவில் பந்தயம் ஓடுவார்கள் என்று நான் சொன்னேன். எனக்கும் தெரியும் என்று சிரித்துவிட்டு, சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார்.